தாகத்தாயி கலயம்

ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டு வருகிற பெண்கள் வழியில் தாகத்தாயி சாமி கல்லுக்கு ஒரு கை தண்ணீர் விட்டுப் போவது, சாயல்குடிப் பக்கத்து அந்த ஊரில் வழக்கம். ஊரில் மூத்தவளான பூமயில் மட்டும் சின்னக் கலயம் ஒன்றை நிறைத்து வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போவாள். அவளுக்குப் பக்தி கொஞ்சம் கூடுதல் என்று நினைத்தாள் புது மருமகள் நாகலெட்சுமி. தினமும் அந்தத் தண்ணீரைக் குடித்தவளும் நாகலெட்சுமிதான்.

ஐம்பதுகளின் தொடக்கம், மழை பொய்த்த வருசம். மணலைத் தோண்டி, ஊறுகிறதைச் சிரட்டையால் மொண்டு குடம் நிறைப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். மாமியார் மீனம்மாள் வீட்டில் மாடு குடித்த பிறகுதான் மருமகளுக்கு.

ஒருநாள் அவள் குடிப்பதை மீனம்மாளே பார்த்துவிட்டாள். சாமி தண்ணீரைக் குடித்தவள் மேல் தாகத்தாயி இறங்கிவிட்டாள் என்று ஊர் முடிவு கட்டியது. கோடாங்கி உடுக்கையோடு வந்தார். வேப்பங்குழையால் அடித்து, உச்சிமுடியைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிக்க வேண்டுமாம். சேவல் ஒன்றும் வேண்டுமாம்.

இடுப்புக் குடத்தோடு பூமயில் கூட்டத்துக்குள் வந்தாள்.

"ஏப்பா கோடாங்கி, கலயம் தினமும் மணல் போட்டுத் தேச்சுக் கவுத்திக் கெடக்கு. ஏனம் வெளக்கி வைக்கிற பேயி எந்த ஊருல இருக்கு? இருந்தா எங்க வீட்டுக்கும் ஒண்ணு புடிச்சுக் குடு."

நாலு பேர் சிரித்தார்கள். கோடாங்கி உடுக்கையைத் துண்டால் துடைத்தார்.

"சாமி காரியத்துல வெளையாடாதீக, மதினி," என்றாள் மீனம்மாள்.

"நான் வெளையாடலை. தாகத்தாயி யாரு? ஒன் மாமனாருக்கு மொத தாரம். நான் வாக்கப்பட்டு வந்த புதுசு, இதே மாதிரி பஞ்சம். வீட்டுக்கெல்லாம் தண்ணி சொமந்தவளுக்கு ஒரு செரட்டை குடுக்க ஆளில்லை. இப்பக் கல்லு இருக்குற எடத்துலதான் செத்துக் கெடந்தா. பக்கத்துல குடம் தளும்பத் தளும்ப இருந்துச்சு. தொட்டுக் குடிக்கப் பயம். தூக்குன நாலு பேருல நானும் ஒருத்தி. கனவுல வாரான்னு அப்பறம் கல்லு நட்டாக."

தாகத்தாயி கும்பிட வேண்டிய தெய்வம்தான், அதில் குறையில்லை. அவளைத் தெய்வமாக்கியவர்களைத்தான் என்ன சொல்வது?

பூமயில் குடத்தை மீனம்மாள் முன்னால் இறக்கினாள். "ஒன் கையால குடு."

மீனம்மாள் நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். பிறகு குனிந்து ஒரு சிரட்டை மொண்டு மருமகளிடம் நீட்டினாள். கோடாங்கி தனக்கும் ஒரு வாய் கேட்டார். சேவல் பிழைத்தது.

இரண்டு வருசம் கழித்து, விவசாய வேலைக்காக நாகலெட்சுமியும் புருசனும் ஆர்.எஸ்.மங்கலத்துக்குக் கிளம்பினார்கள். பஸ் வரும்வரை பூமயில் கூடவே நின்றாள்.

"கலயத்தைச் சாமிக்குத்தான வச்சீக, அத்தை?" என்று கேட்டாள் நாகலெட்சுமி.

பஸ் படியில் ஏறியவளிடம் பூமயில் சொன்னாள்:

"அங்கன கண்மாய்த் தண்ணி நெறையக் கெடக்குமாம். நல்லாக் குடி, ஆத்தா. எனக்குப் பெறகு கல்லுகில்லு நட்டுறாத. வாரதா இருந்தா நான் இருக்கையிலேயே வா."