எருமைக் காதில் அடித்த வில்லை

எங்கள் சமையலறை இழுப்பறையில், கத்தரிக்கோலுக்கும் தீப்பெட்டிக்கும் நடுவே, ஓர் அலுமினிய வில்லை கிடக்கிறது. ஒரு பக்கம் ஏழு என்று எண் அடித்திருக்கும்; மறுபக்கம் வெறுமை. நடுவில் இருக்கும் ஆணி வளைந்துபோய்விட்டது. பார்க்கிறவர்கள் சைக்கிள் டோக்கனா என்று கேட்பார்கள். எருமையின் காதில் அடித்தது என்பேன். சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

எருமை என் பெரியம்மாவுடையது. செகந்திராபாத் மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸ் முடிகிற இடத்தில் அவளுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலமும், அதில் ஒரு கொட்டகையும் இருந்தன. ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்த பெரியப்பா வேலையில் இருக்கும்போதே இறந்துவிட, கைக்கு வந்த பணத்தில் எருமைகள் வாங்கினாள். குவார்ட்டர்ஸ்காரர்கள் விடியற்காலையில் சொம்போடு வந்து நிற்பார்கள். காலிப் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, அவர்கள் கண்ணெதிரே கறந்து ஊற்றுவாள். பால் வற்றிய எருமையை விற்றுவிட்டு, அண்மையில் கன்று போட்ட ஒன்றைச் சந்தையில் வாங்கிவந்து கட்டுவாள். கொட்டகையில் எப்போது பார்த்தாலும் பதினோரு எருமைகள் இருக்கும். ஆனால் போன வருஷத்துப் பதினொன்று இந்த வருஷம் இருக்காது. பட்டண எருமைக் கொட்டகை எல்லாமே அப்படித்தான் ஓடும்.

எழுபதுகளில் ஒரு நாள் சுகாதார அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. குடியிருப்புப் பகுதியில் மாடு எருமை கட்டக்கூடாது. எல்லாவற்றையும் ஊருக்கு வெளியே உப்பலுக்கு அப்பால் கொண்டுபோக வேண்டும். "உப்பலுக்கு எருமை வரும். குவார்ட்டர்ஸ் வருமா?" என்றாள் பெரியம்மா. நான் அப்போது செகந்திராபாத்தில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். தெலுங்குக்காரர், மெட்ராஸில் படித்ததால் நல்ல தமிழ் பேசுவார். அவரிடம் அழைத்துப்போனேன். கோர்ட்டில் என்ன கேட்க வேண்டும் என்று அவர் விசாரித்தபோது, பெரியம்மா யோசிக்கவே இல்லை. "இருக்கிறது இருக்கிறபடியே இருக்கட்டும் சார். வேற ஒண்ணும் நக்கோ" என்றாள். வேண்டாம் என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல் அது.

கோர்ட் அதை அப்படியே கொடுத்தது. வழக்கு முடியும்வரை அந்த எருமைகள் அந்த இடத்திலேயே இருக்கலாம். புதிதாக ஒன்றும் சேர்க்கக்கூடாது. ஸ்டே கிடைத்த சந்தோஷத்தில் தெரு முழுக்கப் பாயசம் வைத்துக் கொடுத்தாள். மறுவாரம் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து பதினோரு காதுகளிலும் வில்லை அடித்துவிட்டுப் போனார். சாதுவான மனிதர். பெரியம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

சில மாதங்களில் ஒரு எருமைக்குப் பால் வற்றியது. வழக்கம்போல விற்றுவிட்டு வேறொன்று வாங்கிவந்தாள். இன்ஸ்பெக்டர் வந்து தலையிலடித்துக்கொண்டார். "நக்கோ அம்மா, நக்கோ" என்று கும்பிட்டே சொன்னார். வில்லை இல்லாததைப் பிடித்து அடைக்காவிட்டால் அவர் வேலைக்கு ஆபத்து. வாங்கிய எருமையை நஷ்டத்துக்குத் திருப்பிக் கொடுத்தாள். மாற்றிக் கட்ட அனுமதி கேட்டு வக்கீல் சார் ஒரு மனுப் போட்டார். அதை மூல வழக்கோடு சேர்த்து விசாரிப்பதாகச் சொன்னார்கள். மூல வழக்கோ விசாரணைக்கு வருகிற வழியாக இல்லை.

வற்றியதைச் சினைக்கு விட்டாலென்ன என்று தோன்றும். விட்டாள். கன்று பிறந்தது. கன்றும் கணக்கில் சேரும் என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்; சேராது என்றார் எங்கள் வக்கீல். அது தீரட்டும் என்று கன்றை உப்பலில் தெரிந்தவர் வீட்டில் கட்டிவைத்தோம். கன்றைக் காணாமல் தாய் பாலை இறக்கவில்லை. பெரியம்மா மடியைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, காலிப் பாத்திரத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இதுக்கு எவன்டி ஸ்டே குடுத்தான்?" என்றாள். சட்டத்தின் மேல் எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

அதற்குப் பிறகு அவள் எதையும் விற்கவில்லை. விற்றால் அதன் இடத்தில் வேறொன்றைக் கட்ட முடியாது. பால் இல்லாத எருமைகளுக்கும் வைக்கோலும் தவிடும் போட்டு, வழக்குக்காகவே அவற்றை உயிரோடு வைத்திருந்தாள். குவார்ட்டர்ஸ்காரர்கள் மன்னிப்புக் கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பால் பூத்துக்கு மாறினார்கள். வாய்தாவுக்கு வாய்தா, பெட்டியில் வைத்திருந்த ஒரே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஏறுவாள். எருமை சாகும்போதெல்லாம், மாற்றிக் கட்டிவிட்டாள் என்று பேச்சு வராமலிருக்க, வில்லையைக் கழற்றி இன்ஸ்பெக்டரிடம் ஒப்படைப்பாள். சொம்பு நீட்ட யாரும் இல்லாத காலையிலும் அவள் கொட்டகையைக் கழுவிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் ஜெயித்தோம். பெரியம்மாவின் தரப்பைக் கேட்காமலே நோட்டீஸ் கொடுத்தது தவறு, அது செல்லாது என்று தீர்ப்பு. வேண்டுமானால் அவளை விசாரித்துவிட்டுப் புதிதாகக் கொடுக்கலாமாம். அன்று கொட்டகையில் ஏழாம் எண் மட்டும் இருந்தது. எழுந்து நிற்கவே அதற்கு இரண்டு ஆள் வேண்டும். வக்கீல் சார் ஆபீசுக்கு மைசூர்பாகு வரவழைத்தார். "இனிமே எத்தனை வேணாலும் கட்டலாம்மா. நீங்க கேட்டது கிடைச்சிடுச்சு" என்றார்.

"நான் கேட்டது மொதல் நாளே கெடச்சிடுச்சி சார்" என்றாள் பெரியம்மா. மைசூர்பாகை அவள் தொடவில்லை. வக்கீல் சார் வேறு ஏதோ கேஸ் கட்டை எடுத்துப் புரட்டத் தொடங்கினார்.

ஏழாம் எண் அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. வழக்கம்போல வில்லையை எடுத்துக்கொண்டு சுகாதார அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். பழைய இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். வந்திருந்த புதியவர், வழக்கு முடிந்துவிட்டது, இதை வாங்கிக்கொள்ள வழியில்லை என்று அனுப்பிவிட்டார். அங்கிருந்து நேரே எங்கள் ஆபீசுக்கு வந்து, என் டைப்ரைட்டர் பக்கத்தில் வில்லையை வைத்தாள். முந்தானையால் நன்றாகத் துடைத்துத்தான் வைத்தாள். "இதை யார்கிட்டடி குடுக்கணும்?" என்றாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

பெரியம்மா போய்ப் பல வருஷமாகிறது. கொட்டகை இருந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. தினமும் காலையில் பால் பாக்கெட்டை வெட்டக் கத்தரிக்கோலைத் தேடும்போது வில்லை கையில் தட்டுப்படும். எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே போட்டு இழுப்பறையை மூடுவேன். யாரிடம் கொடுக்க வேண்டும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.