பேசியவர்கள் பட்டியல்

1. டைரிக் குறிப்பு

பவித்ராவின் அம்மா ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றபோது நான் சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். முந்தின நாள் அவள் டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருந்தேன்: 'வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள். பெற்றோர் நேரில் வரவும்.' இப்படி எழுதினால் வருகிற பெற்றோர் இரண்டு வகை. ஒரு வகை நம்மிடம் எகிறும். இன்னொரு வகை நம் எதிரிலேயே பிள்ளையை அடிக்கும். இந்த அம்மா எதிலும் சேராமல் சிரித்த முகத்தோடு வந்தார்.

"மிஸ், எம் பொண்ணு கிளாஸ்ல பேசுறாளா?"

"பேசுறாளாவா? தினமும் போர்டுல மொதப் பேரே அவ பேர்தாம்மா."

"யார்கிட்ட பேசுறா மிஸ்? என்னா பேசுறா?"

நக்கல் செய்கிறார் என்று நினைத்து முறைத்தேன். அவர் பதறிப்போனார்.

"கோச்சிக்காதீங்க மிஸ். ஊட்ல அவ பேசி ரெண்டு மாசம் ஆவுது. சாப்பிடுறியான்னா தலைய ஆட்டுறா, அவ்ளோதான். தூக்கத்துல பல்ல நறநறன்னு கடிக்கிறா. டிபன் பாக்ஸ தொறக்காமலே திருப்பிக் கொண்டாறா. நீங்க எழுதுனத பாத்ததும்தான் எனக்கு உசுரே வந்துச்சு. இங்கயாவது பேசுறாளேன்னு கம்பெனியில அரை நாள் பர்மிஷன் சொல்லிட்டு ஓடியாறேன்."

உழவர்கரைப் பக்கம் ஒரு பேக்கிங் கம்பெனியில் அவருக்கு வேலை. பவித்ராவின் குரல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. நான் அவளுடைய கிளாஸ் டீச்சர்.

2. என் புத்தி போன வழி

பெரிய மார்க்கெட்டுக்கு நாலு தெரு தள்ளி இருந்த அந்தப் பெண்கள் பள்ளியில் முப்பத்தோரு வருடம் சோஷியல் எடுத்தேன். நான் கோபக்காரி. வகுப்பில் குண்டூசி விழுந்தால் கேட்க வேண்டும் எனக்கு. அதற்கு நான் நம்பியது நாம் எல்லோரும் படித்த காலத்திலேயே இருந்த பழைய ஏற்பாடுதான். டீச்சர் இல்லாத நேரத்தில் லீடர் போர்டின் ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுவாள். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி.

எட்டாம் வகுப்பு பி செக்‌ஷனில் லீடர் ஹரிணி. முதல் ரேங்க், முத்து முத்தான கையெழுத்து. அவள் எழுதினால் எனக்கு வேதவாக்கு. தமிழுக்குப் பதில் பிரெஞ்சு படிக்கிறவர்கள் வேறு ரூமுக்குப் போய்த் திரும்பும் நேரத்தில் வகுப்பு சந்தைக்கடை ஆகும். அப்போதெல்லாம் அவள்தான் சமாளிப்பாள்.

பவித்ரா அந்த வருடம்தான் கிராமத்துப் பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தாள். சேர்ந்த புதிதில் ஒரு வீக்லி டெஸ்டில் பாதி வகுப்பு காப்பி அடித்திருந்தது. யார் யார் என்று கேட்டேன். மூச்சுவிடக்கூட ஆளில்லை. பவித்ரா மட்டும் எழுந்து உள்ளதைச் சொன்னாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளை மேடைக்கு அழைத்து, தோளில் கை போட்டு, "இவளப் பாத்துக் கத்துக்கங்க" என்று எல்லோரையும் கை தட்டச் சொன்னேன். பதிமூன்று வயதுப் பிள்ளைகள் நாற்பது பேருக்கு நடுவில் ஒருத்தியை இதைவிட நன்றாக மாட்டிவிட முடியாது.

அடுத்த வாரத்திலிருந்து போர்டில் அவள் பெயர். பக்கத்தில் மூன்று, நான்கு பெருக்கல் குறி. வாசலில் முட்டி போட வைத்தேன். 'இனி பேச மாட்டேன்' என்று நூறு தடவை எழுதச் சொன்னேன். ஒருமுறை "மிஸ்..." என்று அவள் ஆரம்பித்தாள். "வாய மூடு" என்றேன். கடைசியில் யாரோடும் பேச முடியாதபடி ஜன்னலோரக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். அப்புறமும் போர்டில் பெயர் வந்ததால்தான் டைரியில் எழுதி அனுப்பினேன்.

3. இருபது நிமிடம்

அம்மாவை உட்காரச் சொல்லிவிட்டு, பவித்ராவைக் கூட்டிவர அட்டெண்டர் செல்வியை அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"புள்ள கிளாஸ்ல இல்ல மிஸ்."

நான் ஓடினேன். கணக்கு டீச்சர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கடைசி பெஞ்சில் பை மட்டும் இருந்தது. சாப்பாட்டு பெல்லுக்குப் பிறகு அவள் வரவேயில்லை. அதை யாரும் கணக்கு டீச்சரிடம் சொல்லவும் இல்லை.

"பவித்ரா எங்கடி?"

நாற்பது தலைகள் குனிந்தன. அவள் பெயரைச் சொன்னாலே குற்றம் என்பதுபோல் ஒரு மௌனம். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது.

கேட்டில் வாட்ச்மேன், யாரும் வெளியே போகவில்லை என்றார். ஆனால் மதியம் சாப்பாடு கொண்டு வரும் கூட்டத்தில் ஒரு பிள்ளை நழுவினால் அவருக்கு எப்படித் தெரியும்? பள்ளியிலிருந்து கடற்கரைக்குப் பத்து நிமிட நடைதான். அங்கே மணல் கிடையாது, கருங்கல்லும் அலையும்தான். என் மனம் அங்கேயே போய் நின்றது. டாய்லெட், லேப், சைக்கிள் ஸ்டாண்ட் என்று எல்லா இடத்திலும் தேடினோம். அந்த அம்மா ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மேல்மாடியில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைக்கும் ரூம் ஒன்று உண்டு. செல்விதான் கண்டுபிடித்தார். பவித்ரா பெஞ்சுகளுக்கு அடியில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். டிபன் பாக்ஸ் திறக்கப்படவில்லை. மடியில் ஒரு கைப்பிடி முடி. ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருந்தாள். காதுக்கு மேலே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வழுக்கை தெரிந்தது. அம்மாவுக்கே தெரியாமல் தானே தலைவாரிக்கொண்டு, அதன் மேல் முடியை இழுத்து கிளிப் போட்டு வந்திருக்கிறாள்.

அம்மா உள்ளே தவழ்ந்து போய் அவளை இறுக்கிக்கொண்டார். நான் வாசலிலேயே நின்றேன். எந்த முகத்தோடு உள்ளே போவது?

4. பிறகு

அன்று மாலை ஒரு பெண் தனியாக வந்து, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். நான் கை தட்டச் சொன்ன நாளிலிருந்து வகுப்பே பவித்ராவோடு பேசுவதில்லை. பேசுகிறவளையும் ஒதுக்கிவிடுவார்கள். பென்சில் கேட்டால்கூட அங்கே ஆள் இல்லாததுபோல் பார்ப்பார்கள். யாரும் பேசாத பெண்ணின் பெயரைப் பேசியவர்கள் பட்டியலில் எழுதுவதுதான் அவர்களுக்கு விளையாட்டு. தண்டனை கொடுக்க நான் இருந்தேன்.

எச்.எம். கொதித்தார். "எல்லாரையும் அசெம்பிளியில நிக்க வெச்சு அவகிட்ட சாரி கேக்க வெப்போம்" என்றார்.

"வேணாம் மேடம். நான் எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சதுலதான் இவ்ளோ வந்துச்சு."

ஒவ்வொரு பெண்ணையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். ஹரிணி அழவில்லை. "அவ எங்கள மாட்டிவிட்டா. நீங்க கை தட்டுனீங்க மிஸ்" என்றாள். அவள் அம்மா அப்பாவை வரவழைத்தோம், லீடர் பொறுப்பையும் எடுத்தோம். ஆனாலும் அவள் சொன்னது இன்னும் என்னைக் குடைகிறது.

பவித்ராவை அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். பேசு பேசு என்று யாரும் நச்சரிக்கக் கூடாது, முடி வளரவே நாளாகும், மனசுக்கு அதைவிட நாளாகும் என்றார் டாக்டர். போர்டில் பெயர் எழுதுவதை நான் நிறுத்தினேன். வகுப்பில் சத்தம் கூடியது. எச்.எம்.மிடம் திட்டு வாங்கினேன், வாங்கிக்கொண்டேன்.

இப்போது புதிதாக டீச்சர் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். அமைதியான வகுப்பைப் பார்த்துப் பெருமைப்படாதீர்கள். அங்கே யார் யாரோடு பேசுவதில்லை என்று பாருங்கள். தண்டிப்பதற்கு முன் அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள். எனக்கு அது ஐந்து நிமிட வேலை, நான் செய்யவில்லை.

வருடக் கடைசியில் பவித்ரா டி.சி. வாங்க அம்மாவோடு வந்தாள். வேறு பள்ளி பார்த்திருந்தார்கள். ஸ்டாஃப் ரூமில் நான் மட்டும் இருந்தேன். "என்ன மன்னிச்சிடு பவித்ரா" என்றேன். தரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"நீங்க ஒரு தடவகூட என்னக் கேக்கல மிஸ்."

கரகரத்த, கனமான குரல். அன்றுதான் அவள் குரலை முழுதாகக் கேட்டேன்.

"முட்டி போடச் சொன்னீங்க. வாய மூடுன்னீங்க. நான் சொல்ல வந்தப்பல்லாம்..."

அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தார். "மிஸ்கிட்ட இப்டியா பேசுவ? சும்மா இருடி."

"விடுங்கம்மா. பேசட்டும்" என்றேன்.

அவள் பேசினாள். எந்தெந்த நாள், யார் என்ன செய்தார்கள், நான் என்ன செய்தேன் என்று ஒன்று விடாமல் சொன்னாள். நடுவில் பீரியட் பெல் அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை.