கண்டியில் எள்ளுத் தண்ணீர் விட்டவர்

இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன். சொந்தக்காரர்கள் குறை சொல்வார்களே என்ற பயம்தான்.

ஆந்திரா ராஜ்யம் பிரிந்த பிறகு ஒருமுறை ரேணிகுண்டாவில் ரயிலேறி, கப்பல் மாறி, இலங்கையில் கதிர்காமத்துக்குப் போனேன். திரும்பும்போது கண்டி. பேராதனைப் பூந்தோட்டம் பார்த்துவிட்டு, யுத்தத்தில் இறந்த சிப்பாய்களின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். என் தம்பி அங்கேதான் இருந்தான். உடம்பைப் பார்க்காததால், அவன் வருவான் என்று சொல்லி அம்மா ஒரு காரியமும் செய்ய விடவில்லை.

தோட்டக்காரர் ஒல்லியான மனிதர். ஒவ்வொரு கல்லையும் கையால் துடைத்து, பெயரை வாய்விட்டுப் படித்த பிறகே அடுத்த கல்லுக்கு நகர்ந்தார். தம்பியின் கல்மேல் நான் கற்பூரம் வைத்ததும் ஓடி வந்தார்.

“கல்லு கறுத்திரும் சாமி. தொரை என்னையத்தான் ஏசுவாரு.”

“இவனுக்கு ஒரு கை எள்ளுத் தண்ணி விட ஆளில்லாம பூட்ச்சே,” என்று அழுதேன்.

“வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்கு நான் விடுறேனுங்க. நம்ம ஆளுக எல்லாருக்கும்.”

“செத்தவனோட நைனா பேரு சொல்லணுமே?”

“தெரியலீங்க. எங்கப்பன் பேரச் சொல்லித்தான் விட்டேன். தப்புங்களா?”

அவரைக் கும்பிட்டேன்.

அது செல்லுமா என்று இதுவரை எந்தப் புரோகிதரையும் நான் கேட்கவில்லை. ஏழுமலையான் அவரை நன்றாக வைத்திருக்கட்டும். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். அவர் சொன்னதை மட்டும் மாற்றாமல் சொல்லுங்கள்.