திரைக்கு மட்டும் சிவப்பு

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், மாநில எல்லை தாண்டி ஹெப்பகோடி பக்கம் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தேன். நிரல்களைச் சோதிக்கும் ஒரு கருவி என் பொறுப்பு. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால் பிழைகளைச் சிவப்பில் காட்டும். அதையே ஃபைலில் சேமித்தால் நிறத்துக்கான குறிகள் எழுத்துகளுக்கு நடுவே குப்பையாக விழும். போவது திரைக்கா ஃபைலுக்கா என்று கண்ட இடத்திலெல்லாம் ஆளுக்கொரு விதமாகச் சோதித்து வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டு, ஒரே இடத்தில் முடிவெடுக்கும்படி மாற்றி எழுதினேன். திரையென்றால் நிறம், ஃபைலென்றால் வெறும் எழுத்து. அதில் எனக்குத் தலைக்கனமே இருந்தது.

பக்கத்து மேசையில் இருந்தவன் வாணியம்பாடிக்காரன். ஒன்றாகச் சாப்பிடுவோம், ஒரே பஸ்ஸில் போவோம். எங்கள் ஆபீஸில் யாராவது லீவு போட்டால் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர் பெயரிலேயே நுழைந்து வேலையை முடிப்போம். தங்கை நிச்சயதார்த்தத்துக்கு ஊருக்குப் போனபோது என்னுடையதை அவனிடம் கொடுத்தேன்.

அந்த வாரம் வாடிக்கையாளருக்குக் கருவியைக் காட்டியிருக்கிறான். பக்கம் பக்கமாகக் காட்டுவதற்காகக் கருவியின் வெளியீட்டை வேறொரு நிரல் வழியாக அனுப்ப, இது திரையில்லை என்று கருவி நிறத்தை நிறுத்திவிட்டது. உடனே என் பெயரில் நுழைந்து, எப்போதும் நிறம் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தான். அதை எடுக்க மறந்து வாடிக்கையாளருக்கு அப்படியே அனுப்பியும் விட்டான். அங்கே ஃபைலெல்லாம் குப்பை. அதைப் படிக்கும் அவர்களுடைய நிரல் நின்றுபோனது.

நான் திரும்பிய அன்றே மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மாற்றம் என் பெயரில் இருந்தது. நான் ஊரிலேயே இல்லை, பாஸ்வேர்டு இவனிடம் இருந்தது என்றேன். அவரும் அவனைக் கேட்டார். தனக்குத் தெரியாது என்றான். நிறத்தை முடிவெடுக்கும் பகுதியைப் போன மாதம் முழுக்க மாற்றியது இவர்தான் என்றும் இங்கிலீஷில் நிதானமாகச் சேர்த்துக்கொண்டான். மேனேஜர் அதையே நம்பினார். கருவி என் கையைவிட்டு அவன் கைக்குப் போனது.

வெளியே வந்ததும் கிசுகிசுத்தான்: "மனசுல வச்சுக்காத. நீ கன்ஃபர்ம் ஆன ஆளு, உன்ன ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நான் இன்னும் ப்ரொபேஷன்ல கீறேன்."

அன்று மதியமே மேனேஜர் அருகில் நிற்க, நான் எழுதிய நிரலைத் திறந்து தான் போட்ட வரியை அழித்தான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நிரல் தெரிந்தவன் கையில் இருந்தால் இப்படித்தான் என்று மேனேஜர் அவன் தோளைத் தட்டினார். ஒரே வரியில் சரிசெய்யும்படி அதை எழுதி வைத்தது யார் என்று அவனுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே தேங்க்யூ சொன்னான்.