மலை விழுந்தது, அம்மா பெயர் விழவில்லை

இருபது வருடம் அடுத்தவர் லாரியை ஓட்டிய என் அண்ணன், ஒரு வழியாகச் சொந்த லாரி வாங்கினான். நாமக்கல்லில் பாடி கட்டி முடித்து வண்டி வெளியே வந்த அன்று மாலை, கேமராவோடு புதுச்சத்திரத்துக்கு வரச் சொன்னான். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஒரு கடலைக்காட்டோரம் நிறுத்தியிருந்தான். பின்னால் கொல்லிமலை.

“சாமி, மலையும் வண்டியும் நானும் படத்துல ஒண்ணா உழோணும்” என்றான். தங்கச்சி என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவான்.

என்னிடம் இருந்தது கையால் திருகும் பழைய லென்ஸ். வளையத்தின் கடைசியில், படுத்த எட்டு போல முடிவிலிக் குறி. அங்கே வைத்தால் தூரத்தில் உள்ளதெல்லாம் தெளிவாக விழும் என்று நம்பியிருந்தேன். லாரி முப்பதடி தள்ளி நின்றது, அதுவும் தூரம்தானே. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்ததால் லென்ஸை முழுக்கத் திறந்து எடுத்தேன். அண்ணன் லோடு ஏற்றப் போய்விட்டான்.

வீட்டில் கணினியில் பார்த்தபோது மலையின் மடிப்புகள்கூடத் துல்லியம். வண்டி முகப்பின் பெரிய எழுத்துகளைப் படிக்க முடிந்தது. அதன் கீழே மெல்லிய மஞ்சள் கோடுகளில் எழுதிய அம்மாவின் பெயர் வெறும் மஞ்சள் தீற்றல். அண்ணனுக்குக் கண்களே இல்லை.

அனுப்பியதும் வழியிலிருந்து கூப்பிட்டான். “மலைய உட்டுடாம புடிச்சிருக்கற. அம்மாவ உட்டுட்டியே.”

மறுநாள் மொட்டை மாடிச் சுவரில் தினசரி காலண்டர் தாளை ஒட்டி, லென்ஸை முழுக்கத் திறந்தபடி முடிவிலியில் வைத்தே பத்தடி, இருபதடி, நாற்பதடி என்று பின்னால் போய்ப் போய் எடுத்தேன். தள்ளிப் போனால் சரியாகும் என்று நினைத்தேன். எல்லாப் படத்திலும் தேதி தெரிந்தது, கிழமை தெரியவில்லை. கேமராவைத் தூக்கிப் போட்டுவிடலாம் போல இருந்தது.

“தேதிதான் தெரியுதே, அது பத்தாதா?” என்றார் கணவர்.

நாலைந்து நாள் கழித்து, எரிச்சலில் லென்ஸை முகத்துக்கு நேரே திருப்பிப் பார்த்தபோதுதான் புரிந்தது. உள்ளே திறந்திருந்த ஓட்டை என் கட்டைவிரல் பருமன். முடிவிலியில் வைத்துவிட்டால், பொருள் கிட்டே இருந்தாலும் எட்டி இருந்தாலும், அந்த ஓட்டையைவிட மெல்லிசானது எல்லாம் கரைந்துபோகும். தேதியின் கோடு தடிமன், கிழமையின் கோடு மெல்லிசு. ஓட்டையை மிளகளவுக்குச் சுருக்கி எடுத்தேன். கிழமை வந்தது. இந்த ஒரு வரியை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

மூன்றாம் வாரம் அண்ணன் திரும்பினான். சுருக்கிய ஓட்டைக்கு நிறைய வெளிச்சம் வேண்டும் என்று, உச்சி வெயிலில் அதே இடத்துக்கு வரச் சொன்னேன். அம்மா பெயர் தெளிவாக விழுந்தது. அண்ணன் கண்கள் விழுந்தன, முகப்பில் மரக்கிளை உரசிய புதுக் கீறல்களும் விழுந்தன. மலை இருந்த இடத்தில் மட்டும் உச்சி வெயிலின் வெள்ளைப் புகைமூட்டம்.

“வெயில் கொஞ்சம் சாயற வரைக்கும் இருக்க முடியாதா அண்ணா?”

“லோடு நிக்குது சாமி. வாரேன்” என்று ஏறிவிட்டான்.

இரண்டு படங்களும் என்னிடம் இருக்கின்றன. அவன் கேட்டது இரண்டுமே இல்லை.