சின்னச்சங்கு செத்த பாவம்

சிவனணைந்தபெருமாள் முதன்முதலில் வந்து நின்றது ஒரு முழு வெள்ளைத்தாளோடு. 1975, பங்குனி மாதம். இதை எழுதுகிறவன் பி.ஏ. முடித்து, குடும்பத்திலேயே முதல் ஆளாகச் சர்க்கார் நாற்காலியில் உட்கார்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

"தம்பி படிச்சவிய. எங்க ஆபீசுப் பெரியவருக்கு ஒரு மனு எழுதணும். எல்லாத்தையும் சொல்லுதேன், கேட்டுட்டு எழுதுங்க."

அவர் சங்கு சேர்த்துவைக்கும் சர்க்கார் கிட்டங்கியில் அளவுக்காரர். குளியாட்கள் கடலில் மூழ்கி எடுத்துவரும் சங்குகளை ஒவ்வொன்றாக இரும்பு வளையத்தில் விட்டுப் பார்ப்பார். வளையத்தில் நுழையாதது எடைக்குப் போகும். நுழைந்துவிட்டால் சின்னச்சங்கு, இன்னும் வளரவேண்டியது. அவற்றை உயிரோடு சாக்கில் போட்டு, மறுநாள் போகும் வள்ளத்தில் ஏற்றிக் கடலுக்கே திருப்பிவிட வேண்டும். தாமிரபரணிக் கரை வயல்காட்டில் பிறந்த சைவருக்கு, அந்த நாற்றத்துக்குள் பிடித்த காரியம் அது ஒன்றுதான். கவிச்சி வேலை என்று ஊரில் யாரும் பெண் கொடுக்கவில்லை. தனிக்கட்டையாகவே நாற்பதைத் தாண்டிவிட்டார்.

பேச்சுத்துணை என்றால் தஸ்நேவிஸ். திரேஸ்புரத்துக் குளியாள். விடியலில் கருப்பட்டிக் காப்பியைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து ஊற்றுவான்.

"வே பெருமாளு, நாங்க முங்கி எடுத்துட்டு வாரோம். நீரு திரும்ப முங்க விடுதீரு. உமக்குப் போய் சம்பளம் குடுக்கானே, அவனைச் சொல்லணும்."

"நான் விடலைன்னா அடுத்த வருசம் நீ எதை முங்கி எடுப்ப? குடிலே காப்பியை."

மாசி மாதம் பெருமாள் ஊர்க் கோயில் கொடைக்குக் கிளம்பிய அவசரத்தில், சாக்கைச் சுவரோரம் வைத்தவர் வள்ளத்தில் ஏற்ற மறந்துபோனார். ரெண்டு நாள் வெயில். திரும்பி வந்தபோது தெருமுனையிலேயே வாடை முகத்தில் அடித்தது. நூற்றியெண்பது சங்கு.

அதிகாரி எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்டார். வேலை போய்விடும் என்ற பயத்தில் பெருமாளின் வாய் தானாகச் சொன்னது: "வள்ளத்துக்காரன் ஏத்தமாட்டேன்னுட்டான்."

சாக்கு போகவேண்டிய அன்றைய முறை தஸ்நேவிஸின் வள்ளம். "பெருமாளு, நீரே சொல்லும். நீரு என்கிட்ட சாக்கைத் தந்தீரா?" என்று அவன் கேட்டான். பெருமாள் கையிலிருந்த வளையத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தஸ்நேவிஸின் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாஸ் இல்லாமல் சங்கு குளிக்கப் போக முடியாது.

மறுநாளிலிருந்து காப்பி வரவில்லை. குளியாட்கள் சங்கைக் கொட்டிவிட்டுப் பேசாமல் போனார்கள். பெருமாளுக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. ஊருக்குப் போய்ச் சுடலைமாடன் முன்னால் நின்று பார்த்தார். சாமி கேட்டுக்கொண்டது, பதில் சொல்லவில்லை. சனிக்கிழமை சாயங்காலங்களில் தஸ்நேவிஸ் மாதா கோயிலுக்குப் போய், பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு லேசான முகத்தோடு வருவது நினைவுக்கு வந்தது. ஒரு சனிக்கிழமை அவரும் போய் வரிசையில் நின்றார். முறை வந்ததும், முன்னால் போனவர்களைப் போலவே மண்டியிட்டார்.

"கடைசியா எப்ப சங்கீர்த்தனம் செஞ்சீங்க?" என்று கம்பிவலைக்குப் பின்னாலிருந்து சாமியார் கேட்டார்.

"செஞ்சதே இல்ல சாமி. நான் திருநீறு பூசுத ஆளு."

சாமியார் வலைக்குப் பக்கத்தில் சாய்ந்தார். "சரி, சொல்லுங்க."

"நூத்தியெம்பது உசுரைக் கொன்னுட்டேன்."

"எங்க?" குரல் இறங்கிவிட்டது.

"கிட்டங்கிச் சுவரோரம். சங்கு சாமி, சின்னச்சங்கு."

சாமியார் மூச்சுவிட்டது வலை வழியாகக் கேட்டது. "மறந்துபோனதை நாங்க பாவத்தில சேக்கிறதில்ல. தெரிஞ்சு செய்யணும். அதுக்கப்புறம் என்ன நடந்தது?"

அதைச் சொல்வதற்காகப் பெருமாள் வரவில்லை. ஆனாலும் சொன்னார்.

"உங்களுக்குப் பாவமன்னிப்புக் குடுக்க எனக்கு அதிகாரமில்ல. எங்க ஆளா இருந்தாலும், முதல்ல அந்த மனுசன் பேரைச் சரிபண்ணிட்டு வான்னுதான் சொல்லுவேன்."

அதற்குத்தான் வெள்ளைத்தாள். எழுதுகிறவன் 'தவறு செய்துவிட்டேன்' என்று எழுதியதும் பெருமாள் விரலை வைத்து நிறுத்தினார்.

"அதை அடிச்சிட்டுப் பாவம்னு போடுங்க."

"அண்ணாச்சி, ஆபீஸ் கடுதாசில அப்படியெல்லாம் எழுத முடியாது."

"சாக்கை மறந்தது தவறு. இது நான் தெரிஞ்சு சொன்னது."

"வேலை போயிரும்."

"அதுக்குப் பயந்துதானே அன்னைக்குச் சொன்னேன்."

பாவம் என்றே எழுதப்பட்டது. அதிகாரி அந்தச் சொல்லுக்கு அடியில் சிவப்பு மசியால் கோடு போட்டார். பத்தாம் நாள் தஸ்நேவிஸுக்குப் பாஸ் திரும்பக் கிடைத்தது. பெருமாளை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

மறுநாள் விடியலில் அவர் திரேஸ்புரம் கரையில் போய் நின்றார். தஸ்நேவிஸ் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"பாவம் தீந்துச்சா வே?"

"தெரியலை."

"எனக்குப் பாதி சீசன் போச்சு" என்றவன், வள்ளத்தில் ஏறிக்கொண்டான். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

நாலு வருசம் ஆகிறது. பெருமாள் துறைமுகச் சாலையில் ஒரு உப்புக் கிட்டங்கிக்குக் காவல்காரராக இருக்கிறார். அங்கேயே ஒரு அறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்.