உஷாந்தி கொடுத்த நற்சான்று

உஷாந்தியிடம் ஒரு மென்பொருள் பொதி பரிசீலனைக்குப் போயிருக்கிறது என்றால், அதை அனுப்பியவர் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் கொஞ்சம் பயந்துதான் இருப்பார். கிழமை நாட்களில் வெள்ளவத்தையில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது அவள் வேலை. ஞாயிறு பின்னேரங்களில் இன்னொரு வேலை, சம்பளமில்லாதது. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளம் ஒன்றுக்காக பல நாடுகளிலிருந்து தொண்டர்கள் மென்பொருள்களைப் பொதி கட்டி அனுப்புகிறார்கள். அவற்றை அவிழ்த்து, உரிமம் இருக்கிறதா, கோப்புகள் உரிய இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து உள்ளே விடுகிறவர்களில் அவளும் ஒருத்தி. ஒன்பது வருடமாகச் செய்கிறாள். சின்னப் பிழை என்றாலும் திருப்பி அனுப்பிவிடுவாள்.

"காசு வாங்காம வேலை செய்யிற ஆக்களை அழவைக்கிறதில உமக்கு என்ன சந்தோசம்?" என்று கணவன் கிருபாகரன் கேட்பான்.

"அழுதிட்டுத் திருத்தி அனுப்பட்டும்."

அப்படித் திருத்தி அனுப்பியவர்களில் ஒருவர் கொட்டாஞ்சேனை யேசுரட்ணம். வயது அறுபத்து மூன்று. துறைமுகப் பக்கம் ஒரு கந்தோரில் முப்பத்தாறு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய எழுத்துருக்களில் தட்டச்சான தமிழை இன்றைய கணினிகள் வாசிக்கும் எழுத்தாக மாற்றுகிற சின்ன நிரல் ஒன்றை எழுதி, பொதியாக்கியிருந்தார். உஷாந்தி நான்கு தரம் திருப்பினாள். நான்கு தரமும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் திருத்தினார். இனி யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் தன் பொதியைத் தானே ஏற்றவும் மற்றவர் பொதிகளைச் சரிபார்க்கவும் அவருக்கு உரிமை வேண்டும். அதற்கு அவரைப் பரிசீலித்தவரின் நற்சான்று தேவை. படிவத்தில் முக்கியமான கேள்வி ஒன்றுதான்: இவரைத் தனியே விடலாமா? மாத முடிவுக்குள் உஷாந்தி பதில் போட வேண்டும்; போட்டதைப் பின்னர் மாற்றவும் முடியும். 'ஆம்' என்று போடத்தான் இருந்தாள்.

ஐந்தாவது தரம் பொதி வந்த ஞாயிறு, ஹெந்தளையில் கிருபாகரனின் தங்கை வீட்டில் பிறந்தநாள் விழா. அவன் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். ஒரு பொதிக்கு வேறு எந்தெந்த மென்பொருள்கள் தேவை என்று அதனுள்ளேயே ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலில் உள்ளவற்றைத் தவிர வேறெதுவும் இல்லாத வெறுமையான சூழலில்தான் பொதியைச் சோதிக்க வேண்டும். அடுத்தவருக்கு இதை நூறு தரம் படிப்பித்தவள், அன்று அவசரத்தில் தன் மடிக்கணினியிலேயே ஓடவிட்டாள். ஓடியது. 'சரி' என்று போட்டுவிட்டு விழாவுக்குப் போய்விட்டாள்.

பட்டியலில் ஒன்று விடுபட்டிருந்தது. அது எப்போதோ அவள் கணினியில் ஏறிக் கிடந்ததால் அவளுக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் இயங்குதளத்தின் பொதுக் கணினியில் பொதி ஓடாமல் படுத்துவிட்டது. அந்தச் செய்தி, எல்லோரும் வாசிக்கும் மின்னஞ்சல் குழுவுக்கு, பொதியைக் கட்டியவரின் பெயரில் போகும். "விதிகளை வாசிக்காதவர்களுக்காக ஏன் நேரத்தை வீணாக்குகிறோம்?" என்று போர்த்துக்கலில் இருந்து ஒருவர் ஆங்கிலத்தில் எழுதினார். "என் தவறு. மன்னிக்கவும்," என்று யேசுரட்ணம் உடனே பதில் போட்டிருந்தார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதை வாசித்த உஷாந்திக்கு முகம் எரிந்தது. "ஒழுங்காகச் சோதிக்காமல் உள்ளே விட்டது நான். தவறு என்னுடையது," என்று குழுவுக்கு எழுதினாள். சனிக்கிழமை அவரைக் காலி வீதித் தேநீர்க் கடை ஒன்றுக்கு வரச்சொன்னாள். மடிப்புக் குலையாத சேட்டும் கையில் ஒரு கோப்புமாக வந்தார்.

"சொறி அங்கிள். அண்டைக்கு நான் சரியாச் சோதிக்கேல்ல."

"தெரியும் மிஸ்."

"எப்பிடித் தெரியும்?"

கோப்பைத் திறந்தார். அன்று 'சரி'யோடு அவள் அனுப்பிய சோதனை அறிக்கை அச்செடுக்கப்பட்டு இருந்தது. "முதல் வரியிலயே உங்கட லப்டொப் பேர் கிடக்கு. அண்டைக்கே பாத்தனான்."

"பாத்திட்டு ஏன் சொல்லேல்ல?"

"பெரியவங்க சைன் வச்ச பிறகு நாங்க எப்பிடி மிஸ் பிழை சொல்றது? முப்பத்தாறு வருசத்தில ஒரு நாளும் நான் அப்பிடிச் செய்ததில்ல." அதைப் பெருமையாகவே சொன்னார்.

"நான் உங்கட பொஸ் இல்ல அங்கிள்."

"அதெப்பிடி மிஸ்," என்று சிரித்து, வடைத் தட்டை அவள் பக்கம் தள்ளினார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது முதலில் அவர் மேல் கோபம் வந்தது. பிறகுதான் மற்றது உறைத்தது. இந்த ஒன்பது வருடத்தில் இன்னும் எத்தனை பேர் கண்டும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்? எல்லோரும் தனக்குப் பயம் என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது. இப்போது வெட்கமாக இருந்தது.

மாதக் கடைசியில் படிவத்தில் 'இல்லை' என்று போட்டாள். காரணமும் எழுதினாள்: "என் பிழையைக் கண்டும் மரியாதைக்காகச் சொல்லாமல் இருந்தார். தனியே விட்டால் மற்றவர்கள் பிழையையும் இப்படியே விடுவார். அவர் சொல்லத் தயங்கியதில் என் பங்கும் உண்டு." அதுவும் எல்லோரும் வாசிக்கக்கூடியதுதான்.

"வயசு போன மனுசன். கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்," என்றான் கிருபாகரன்.

"யோசிச்சுத்தான் போட்டனான்."

எட்டு நாள் அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. மனிதர் விட்டுவிட்டுப் போய்விட்டார் என்றே உஷாந்தி முடிவு செய்தாள். நல்ல ஆள் ஒருவரைத் தானே துரத்திவிட்டோம் என்று இருந்தது.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. அவளுக்குத் தனியாக அல்ல, குழுவுக்கு. "மதிப்புக்குரிய மிஸ் உஷாந்தி, சென்ற ஒரு வருடத்தில் நீங்கள் சரியென்று விட்ட பொதிகளைப் பார்த்தேன். பிழைகள் பின்வருமாறு." இலக்கமிட்டுப் பதினொன்று. கோப்பின் பெயர், வரி எண் எல்லாம் சுத்தமாக. கடைசியில் இப்படி இருந்தது: "இதற்கு எட்டு நாட்கள் சென்றன. பிழை தேட ஆறு நாள். அனுப்பும் பொத்தானை அழுத்த இரண்டு நாள்."

உஷாந்தி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஒன்பது, மறுபேச்சில்லாமல் சரி. நான்காவதும் ஏழாவதும் பிழையல்ல என்று பட்டது. அதைக் குழுவிலேயே எழுதினாள்.

அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது. "ஏழாவதை ஒத்துக்கொள்கிறேன். நான்காவதில் நான் சொன்னதே சரி, மிஸ். மறுபடி பாருங்கள்."

மறுபடி பார்த்தாள். அவர் சொன்னதே சரி. படிவத்தைத் திறந்து, 'இல்லை'யை அழித்தாள்.